ஆறு கோடையும் ஆறு குளிர்காலமும்

முதலிலேயே சொல்லிவிட வேண்டும், டிகிரியக்கா ஏமாளி இல்லை. காய்கறிக்காரன் தராசில் கட்டைவிரலை வைத்தால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிக்கிறவள். பால்காரன் தண்ணீர் ஊற்றினால் பாத்திரத்தைப் பார்த்தே சொல்கிறவள். அப்படிப்பட்டவள் காதில் பதினான்கு வருஷம் ஒருத்தர் பூச்சுற்றினார் என்றால், அந்த ஒருத்தர் எவ்வளவு பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பெயர் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளும் அவள் புருஷனும் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தார்கள்; இன்றைக்கு எத்தனை டிகிரி என்று ஊரே அவளைத்தான் கேட்கும், அதனால் டிகிரியக்கா. நிலையம் என்றதும் பெரிய கட்டடமாக நினைக்க வேண்டாம். ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் ஓர் ஆபீஸ் அறை, அதை ஒட்டி இவர்கள் குடியிருக்க இரண்டு அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். பின்பக்கக் கதவைத் திறந்து, பம்பு அறையைச் சுற்றிக்கொண்டு நாற்பத்திரண்டு அடி எடுத்து வைத்தால் வேலி போட்ட புல்தரை. அதன் நடுவில் நான்கு காலில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டி. பெட்டிக்குள் வெப்பமானி.

அந்த வெப்பமானியைப் பற்றி நாலு வார்த்தை. வளைந்த கண்ணாடிக் குழாய், உள்ளே பாதரசம், பாதரசத்தின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு குட்டி இரும்பு ஊசி. சூடு ஏறும்போது ஓர் ஊசியைத் தள்ளிக்கொண்டு போகும், உச்சியில் விட்டுவிட்டு இறங்கிவிடும். குளிரும்போது இன்னோர் ஊசியைத் தள்ளும். தினமும் காலை ஆறு மணிக்குப் போய் ஊசிகள் நிற்கும் இடத்தைப் படித்து, ஒரு காந்தத்தால் இழுத்து மறுபடி பாதரசத்தின்மேல் உட்காரவைக்க வேண்டும். இழுக்காவிட்டால் ஊசி நின்ற இடத்திலேயே நிற்கும். பாதரசம் இன்னும் தள்ளினால் முன்னே போகும், மாதக்கணக்கானாலும் தானாகத் திரும்பி வராது.

வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒருத்தருக்குப் பெட்டி, ஒருத்தருக்கு மேசை. பெட்டிக்காரர் போய்ப் படித்து, பச்சை அட்டைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேசைக்காரர் ஏழு மணிக்கு அந்த எண்களைத் தலைமை அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். வசந்தத்தின் தொடக்கத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வரும், இந்த வருஷம் பெட்டி யாருக்கு என்று. அவர்கள் இஷ்டத்துக்குப் போடுவார்கள். சில சமயம் இவளுக்கே மூன்று வருஷம் தொடர்ந்து வரும், பிறகு அவருக்கு வரும். இவள் எட்டு வருஷம் நடந்தாள், அவர் ஆறு வருஷம்.

நடந்தார் என்றுதான் இவளும் நினைத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் டிகிரியக்கா பழைய பதிவேடுகளையெல்லாம் தரையில் பரப்பி உட்கார்ந்தாள். ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கோடை குளிர்ச்சியாக இருந்தால் குளிர்காலம் எலும்பை உடைக்கும் என்பார் ரொட்டிக்கடைக்காரர். அதெல்லாம் கிடையாது, நேர்மாறு என்பார் முடிவெட்டுகிறவர். யார் சொல்வது சரி என்று எண்ணிலேயே பார்த்துவிடுவோமே என்று இவளுக்குத் தோன்றியது. பார்த்தாள். அதுவரை ஐந்து கோடைகள் குளிர்ச்சியாக இருந்திருந்தன. அந்த ஐந்துக்கும் அடுத்து வந்த குளிர்காலம் கடுமையில்லாமல் இளகித்தான் இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன்! அஞ்சுக்கு அஞ்சு!"

அவர் வந்து பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனுஷன் அசந்துபோய்விட்டார் என்று இவள் நினைத்துக்கொண்டாள். பிறகு அவர்தான் கட்டம்போட்ட பெரிய தாள் வாங்கி வந்தார். அவர்தான் நீலப் பென்சிலைச் சீவிச் சீவிக் கொடுத்தார், இவள் கட்டங்களுக்கு வண்ணம் தீட்டினாள். குளிர்ந்த கோடைக்கு நீலம், இளகிய குளிர்காலத்துக்கும் நீலம். போன வருஷம் தலைமை அலுவலகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அந்தத் தாளை விரித்து இவள் பேசினாள். எழுபது பேர் கைதட்டினார்கள். அவர்களில் அதிகச் சத்தமாகத் தட்டியது இவள் புருஷன்தான். அதைச் சொல்லிச் சொல்லி இவள் ஒரு மாதம் பூரித்தாள்.

இனி தம்பியைப் பற்றி. டிகிரியக்காவுக்கு ஒரே தம்பி. பதினொரு வருஷம் பஸ் ஓட்டினான். அந்த வேலையை விட்டுவிட்டு, மேட்டுக்குக் கீழே இருந்த நிலத்தில் அறுநூறு எலுமிச்சைக் கன்றுகள் வைத்தான். முதல் குளிர்காலத்தில் கன்றுகள் முழங்கால் உயரம்தான். ஒவ்வொன்றுக்கும் பனிக்குப் போர்த்துகிற வெள்ளைத் துணியைக் கட்டிக் காப்பாற்றிவிட்டான். இரண்டாவது வருஷம் அவை இடுப்புக்கு மேலே வளர்ந்துவிட்டன. அறுநூறையும் போர்த்த வேண்டுமென்றால் கம்பு நட வேண்டும், பந்தல் போட வேண்டும், பத்து ஆள் பத்து நாள் நிற்க வேண்டும். ஆனால் உறைபனி ஒரே ஒரு ராத்திரி விழுந்தால் போதும், இளங்கன்று பிழைக்காது.

கோடை முடிந்த கையோடு அவன் அக்காவைத் தேடி வந்தான். சமையலறையில் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, சுத்தி வளைக்காம கேக்கறேன். போர்த்தணுமா, வேண்டாமா? நீ சொல்றதுதான்."

"கோடை எப்படிடா இருந்துச்சு?"

"கொளுத்திருச்சு. கன்னுக்கு ரெண்டு வேளை தண்ணி ஊத்தி முதுகு ஒடிஞ்சு போச்சு."

டிகிரியக்கா சிரித்தாள். "உனக்குக் கொளுத்துச்சு. பெட்டியில முப்பத்தொண்ணத் தாண்டவே இல்ல. குனிஞ்சு குனிஞ்சு வேலை செஞ்சா யாருக்கும் வேர்க்கத்தான் செய்யும். உடம்பு சொல்றத நம்பாதடா, பதிவேட்ட நம்பு. இது குளிர்ச்சியான கோடை. குளிர்காலம் இளகித்தான் இருக்கும். துணியும் வேண்டாம், பந்தலும் வேண்டாம்."

தம்பி மாமாவைப் பார்த்தான். "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறின டீயை இன்னும் ஆற்றினார். "உங்க அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்ளே" என்றார்.

தம்பி நிம்மதியாக எழுந்து போனான். வாசலில் செருப்பை மாட்டும்போது விசில்கூட அடித்தான்.

குளிர்காலத்தின் நடுவில் ஒரு காலை. குளிர்தான், இல்லை என்று யாரும் சொல்லவில்லை. டிகிரியக்கா முகம் கழுவிவிட்டு இரண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் மேசைக்கு வந்தாள். பின்கதவு வழியாகப் போன புருஷன் திரும்பி வந்து பதிவேட்டை நீட்டினார். இவள் போனை எடுத்துத் தெளிவாகச் சொன்னாள்: "குறைந்தபட்சம் மூணு புள்ளி எட்டு." பூஜ்யத்துக்கு நன்றாகவே மேலே. மனசுக்குள் ஒரு திருப்தி. பார்த்தாயா, சொன்னேனா இல்லையா என்று.

ஒன்பது மணிக்குத் தம்பி வந்தான். செருப்பில்லை, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். கையில் ஒரு கிளை. இலையெல்லாம் வேகவைத்த கீரைபோலத் துவண்டு கறுத்துக் கிடந்தது.

"அக்கா, வந்து பாரு."

போய்ப் பார்த்தாள். வரிசை வரிசையாக நடந்தாள். கடைசி வரிசைவரை ஒரு பச்சை இலை இல்லை. தம்பி ஒவ்வொரு கன்றின் பட்டையையும் நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டே வந்தான். உள்ளேயும் பழுப்பு. நூறாவது கன்றுக்கு மேல் கீறுவதை விட்டுவிட்டான்.

"பெட்டியில எத்தனை?"

"மூணு புள்ளி எட்டு."

"அப்ப இது என்னக்கா?"

இந்த இடத்தில் டிகிரியக்கா அவனைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். தெரியலடா என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் என்ன செய்தாள் தெரியுமா? பதிவேட்டுக்கு வக்காலத்து வாங்கினாள். "உன் நிலம் பள்ளம்டா. குளிர்காத்து அங்கே தேங்கியிருக்கும். இல்லேன்னா வேர்ல ஏதாவது நோய் வந்திருக்கும். தண்ணி அதிகமா ஊத்தினேன்னு நீதானே சொன்னே?"

தம்பி கிளையைக் கீழே போட்டான். "அப்ப நான்தான் கொன்னுட்டேன்னு சொல்றே."

"நான் சொல்லல. பெட்டி சொல்றதச் சொல்றேன்."

"சரிக்கா" என்றான் அவன். அதற்குப் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரமே பழைய பஸ் வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். அவன் ஓட்டிய பஸ் தினமும் இரண்டு தடவை நிலையத்தின் வாசலைத் தாண்டிப் போகும். முன்பெல்லாம் அந்த இடத்தில் இரண்டு ஹாரன் அடிப்பான், அக்கா ஜன்னலிலிருந்து கையாட்டுவாள். இப்போது ஹாரன் இல்லை. அந்த இரண்டு நேரமும் இவள் ஜன்னலுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

ஆனால் சொல்லாமல் விடக்கூடாது. குளிர்காலம் முடிந்ததும் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்து, இளகிய குளிர்காலம்தான் என்று உறுதி செய்துகொண்டு, ஆறாவது கட்டத்துக்கும் நீலம் தீட்டினாள் மகராசி. ஆறுக்கு ஆறு. அங்கே தம்பியின் நிலத்தில் அறுநூறு குச்சிகள் நின்றுகொண்டிருந்தன.

பெட்டி இவள் கைக்கு மாற இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் அவர் சமையலறைப் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிப் படுத்துவிட்டார்.

"இன்னைக்கு நான் போய்ப் படிச்சிட்டு வரேன்" என்றாள் காலையில்.

"வேண்டாம் வேண்டாம். ஒரு நாள் போகட்டும். நாளைக்கு நானே பாத்துக்கறேன்."

"ஒரு நாள் எப்படிங்க போகும்? பதினாலு வருஷத்துல ஒரு நாள் விட்டதில்ல நாம."

"சொன்னா கேளேன்!" என்று அவர் கத்தினார். கத்துகிற மனுஷன் இல்லை அவர். வலியில் கத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு இவள் பின்கதவைத் திறந்தாள்.

நாற்பத்திரண்டு அடி. பெட்டியின் கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது. கல்லால் தட்டித்தான் திறக்க முடிந்தது. திறந்ததும் முதலில் ஒன்றும் புரியவில்லை. வெப்பமானியைக் காணோம். அதன் இடத்தில் ஒரு மண்கட்டி ஒட்டியிருந்தது, இரண்டு கை சேர்த்து வைத்த அகலத்துக்கு. குளவிக்கூடு. குளவிகள் எப்போதோ பறந்துபோய், மண் காய்ந்து வெடித்து, மேலே சிலந்தி வலை படிந்திருந்தது. குளிர்காலத்தில் எந்தக் குளவியும் கூடு கட்டாது. கோடையில் கட்டியது. கோடையிலிருந்து இந்தக் கண்ணாடியை யாரும் பார்த்திருக்க முடியாது.

சுண்டு விரல் நகத்தால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினாள். கண்ணாடி தெரிந்தது. பிறகு ஊசிகள் தெரிந்தன. யாரும் காந்தத்தால் இழுக்காத ஊசிகள், பாதரசம் கொண்டுபோய் விட்ட இடத்திலேயே நின்றன. சூட்டு ஊசி முப்பத்தெட்டில். குளிர் ஊசி பூஜ்யத்துக்குக் கீழே ஐந்தில்.

கொளுத்திருச்சு என்று தம்பி சொன்ன கோடை அங்கே நின்றது. அவன் கன்றுகளைக் கொன்ற ராத்திரியும் அங்கே நின்றது.

அவள் ஊசிகளைத் தொடவில்லை. உடைந்த மண்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். கட்டிலில் படுத்திருந்தவர்முன் நீட்டினாள். இது என்ன என்று அவர் கேட்கவில்லை.

"எப்பலேர்ந்துங்க?"

"அது... கோடையில குளவி வந்துச்சு. கிட்டப் போனா கொட்டும்னு நாலு நாள் விட்டேன். அப்புறம் அப்படியே..."

"இந்த வருஷத்தக் கேக்கல. எப்பலேர்ந்து?"

அவர் சுவரைப் பார்த்தார். "என் முதல் வருஷத்துலேர்ந்தே. அப்பல்லாம் பாதி நாள் போவேன். கோடையில வெயில் தாங்கல, குளிர்ல எழுந்திருக்க முடியல. பம்பு ரூம் படியில உக்காந்து டீய குடிச்சிட்டு வந்துருவேன். உன்கிட்ட பெட்டிய குடுக்கறதுக்கு முன்னாடி நாள் போய்த் தொடைச்சு வெச்சிருவேன்."

"அப்ப என்ன எழுதினீங்க?"

"நேத்து எழுதினதுல கொஞ்சம் கூட்டிக் கொறைச்சு. ரொம்ப ஏத்தி எழுதினா ஆபீஸ்ல ஏன்னு கேப்பாங்க. ரொம்ப இறக்கினாலும் கேப்பாங்க. அதனால ரெண்டுக்கும் நடுவுல."

டிகிரியக்கா மெல்லத் திரும்பி ஆபீஸ் அறைக்குப் போனாள். பதினான்கு பதிவேடுகளையும் மறுபடி தரையில் பரப்பினாள். இந்தத் தடவை எண்ணைப் பார்க்கவில்லை, பக்கத்தின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். முதல் நீலக் கோடை, அவர் கையெழுத்து. அடுத்து வந்த நீலக் குளிர்காலம், அவர் கையெழுத்து. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஆறும் அவர். அதிகச் சூடும் வேண்டாம், அதிகக் குளிரும் வேண்டாம் என்று படியில் உட்கார்ந்து டீ குடித்த மனுஷனின் ஆறு வருஷங்கள். அவள் கையெழுத்துப் போட்ட மற்ற எட்டு வருஷத்தில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குளிர்ந்த கோடை என்று ஒன்றுகூட இல்லை. அவள் கண்டுபிடித்தது வானத்தின் குணத்தை இல்லை, புருஷனின் குணத்தை. அதற்குப்போய் எழுபது பேர் கைதட்டினார்கள்.

நீலத்தாளைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள்.

"இத வரையும்போது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பென்சில் சீவிக் குடுத்தீங்களே. எப்படிங்க மனசு வந்துச்சு?"

"நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தே. அப்படி உன்னப் பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. எப்படிம்மா சொல்றது?"

"சரி. தம்பி கேட்டானே. உங்க முகத்தப் பாத்துக் கேட்டானே. அப்பவாவது வாயத் திறந்திருக்கலாமே?"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "நான் சொன்னா நீ சிரிக்கப் போறே. ரெண்டு வருஷமா நீ அத்தனை உறுதியாச் சொன்னியா... எனக்கே நம்பிக்கை வந்துருச்சு. நெஜமாவே குளிர் வராதுன்னுதான் நினைச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. இருபது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன், தன் பொய்யை இவள் கையில் கொடுத்து, இவள் அதை உண்மையென்று அலங்கரித்ததும் அதையே வாங்கிக் கும்பிட்டிருக்கிறார். போனில் பொய் சொன்னது யார் குரல்? இவள் குரல். தம்பியிடம் வேண்டாம் என்றது யார் வாய்? இவள் வாய். அவர் சொந்த வாயால் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, எல்லாவற்றையும் இவளை வைத்துச் சொல்லிவிட்டார்.

பதினொரு மணி பஸ் வரும் நேரம். டிகிரியக்கா வாசலுக்குப் போனாள், நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து பயணிகள் தலையை நீட்டினார்கள்.

"வழிய விடுக்கா" என்றான் தம்பி, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு.

"ரெண்டு நிமிஷம் இறங்கி வா. அப்புறம் ஜென்மத்துக்கும் நீ என்கிட்ட பேச வேண்டாம்."

அவன் இறங்கி வந்தான். சமையலறை வழியாகப் போகும்போது மாமா படுத்திருந்த அறைக்கதவு திறந்துதான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பெட்டியைத் திறந்து காட்டினாள். ஊசி என்றால் என்ன, காந்தம் என்றால் என்ன, குளவிக்கூடு எப்போது வந்தது, ஆறு வருஷமும் யார் கையெழுத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். வெளியே பயணிகள் யாரோ பஸ் ஹாரனை அழுத்தினார்கள்.

"மைனஸ் அஞ்சு" என்றான் தம்பி.

"ஆமாடா. நீ சொன்னதுதான் சரி. கோடையும் சரி, பனியும் சரி. அவர் என்னைய ஏமாத்திட்டார்டா. நான் உன்ன ஏமாத்தலடா. சத்தியமா எனக்குத் தெரியாது."

தம்பி பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே நின்றான். கோபம் வரும், திட்டுவான், மாமாவின் சட்டையைப் பிடிக்க உள்ளே ஓடுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் பின்வாசல் படியைத் திரும்பிப் பார்த்தான். அங்கே அவர்களுடைய தண்ணீர் வாளி இருந்தது.

"அக்கா, நீ தினமும் காலையில அந்த வாளியிலதானே முகம் கழுவுவே?"

"ஆமா."

"அன்னைக்குக் காலையில கழுவினியா?"

அவள் வாளியைப் பார்த்தாள். அன்றும் கழுவினாள். அன்று வாளியின் மேல் கண்ணாடித் தகடுபோல ஒன்று படிந்திருந்தது. செம்பின் அடியால் தட்டினாள், உடைந்தது. துண்டுகளை ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் மொண்டு முகம் கழுவினாள். கழுவிவிட்டு இரண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டு மேசைக்குப் போய், மூன்று புள்ளி எட்டு என்று போனில் சொன்னாள்.

தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெட்டிக் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினான்.

"மாமா பெட்டியப் பாக்கல. சரி. நீ ஐஸ உடைச்சுட்டுதானே கழுவினே?" என்றான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. வரேன்."

அவன் புல்தரையைத் தாண்டிப் போனான். கொஞ்ச நேரத்தில் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. டிகிரியக்கா பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று ஹாரனுக்காகக் காத்திருந்தாள். சத்தம் மேட்டிலிருந்து இறங்கி, வளைவில் திரும்பி, கேட்காமல் போனது.